ஏடு பெயர்த்தலும் பொறி பெயர்த்தலும்

ஓலைச்சுவடியின் வாழ்நாள் குறுகியது. பூச்சியும் ஈரமும் புகாதவாறு எத்துணைப் பேணினாலும், ஓர் ஏடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. அங்ஙனமாயின், இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? பெயர் அறியப்படாத ஏடெழுதுவோர் தலைமுறைதோறும் பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதி வைத்ததனாலேயே அவை நம்மை அடைந்தன. பெயர்த்தெழுதும் கை நின்றுவிட்ட இடத்தில் நூலும் நின்றுவிட்டது. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று சில பாடல்களாக மட்டுமே எஞ்சியிருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

தமிழ் பயில்வோர் அனைவரும் அறிந்த இச்செய்தியை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நம் காலத்துப் பொறிகளிலும் இதே சிக்கல் தோன்றியுள்ளது. கடந்த அரை நூற்றாண்டில் ஆலைகளை இயக்கிய கணினிப் பலகைகள் பல, இன்றும் மின்சாரம் பாய்ந்தால் உயிர்பெறும் நிலையில் உள்ளன. ஆனால், அவற்றை இயக்கிய எழுத்து, அதாவது இயங்குதளம் எனப்படும் அடிப்படை மென்பொருள், பல இடங்களில் மறைந்துவிட்டது. அத்தகைய பலகைகளில் திறந்த மூலமுடைய இயங்குதளங்களைப் பெயர்த்தமைக்கும் பணியின் வரலாற்றையும், பினாங்கு வாழ் தமிழர் அதனை ஏன் அறிந்திருத்தல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பாயான் லெப்பாஸ் வயல்கள்

பினாங்கின் பொருளியல் வாழ்வு நெடுங்காலம் துறைமுகத்தையே சார்ந்திருந்தது. 1969ஆம் ஆண்டில் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தபோது, ஜார்ஜ் டவுனின் வணிகம் தளர்ந்தது, வேலையின்மை மலிந்தது. அவ்வாண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் யூ, பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, வெளிநாட்டுத் தொழில்களை அழைக்கும் வழியை மேற்கொண்டார். 1972ஆம் ஆண்டில் தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வாணிப வலயம் உருவாயிற்று. இண்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், லிட்ரானிக்ஸ், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன் ஆகிய எட்டு நிறுவனங்கள் முன்னோடிகளாக வந்தன. ‘எட்டுச் சாமுராய்கள்’ என அவற்றை அழைப்பது பினாங்கில் வழக்கமாயிற்று.

இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஆலை இங்கு எழுந்ததே ஆகும். நெல் விளைந்த 5 ஏக்கர் நிலத்தில், ஏறத்தாழ 100 பணியாளர்களுடன் அது தொடங்கிற்று. அமெரிக்காவில் உருவான சிலிக்கான் துண்டுகளை இங்குக் கொணர்ந்து சட்டத்தில் பொருத்தி, தலைமயிரினும் மெல்லிய பொற்கம்பிகளால் இணைத்து, மூடி, சோதித்து அனுப்புதலே தொடக்கக் காலப் பணி. நுண்நோக்கியில் கண் பதித்து அப்பொற்கம்பிகளைப் பிணைத்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் கைபட்டு வெளிப்போந்த சில்லுகளின் முதுகில் ‘மலேசியா’ என்னும் சொல் அச்சிடப்பெற்றிருந்தது. அவர்களது உழைப்புக்கு உலகம் பொறித்து வைத்த கல்வெட்டு அவ்வொரு சொல்லே எனலாம்.

தொழிலகக் கணினிப் பலகைகள்

அச்சில்லுகள் சென்று சேர்ந்த இடங்கள் பல. வீட்டுக் கணினிகளையும் அலுவலகக் கணினிகளையும் மக்கள் அறிவர். மக்கள் கண்ணில் படாத மற்றொரு வகையும் இருந்தது. ஆலைப் பொறிகளையும், தொலைபேசி நிலையங்களையும், மருத்துவக் கருவிகளையும், சில்லுகளைச் சோதிக்கும் கருவிகளையும் இயக்குவதற்கென்றே செய்யப்பட்ட தொழிலகக் கணினிப் பலகைகள் அவை. இரும்புச் சட்டகம் ஒன்றில் பல பலகைகளை நூலடுக்கில் நூல்களைச் செருகுவது போலச் செருகுவர். பின்புறத்தே ஓடும் பொதுவான மின்வழியின் வாயிலாக அவை ஒன்றோடொன்று உரையாடும். அம்மின்வழியைப் ‘பாட்டை’ என்று கணினித் தமிழ் குறிக்கும்.

இத்துறையில் இரு பாட்டைகள் பெயர் பெற்றன. ஒன்று, இண்டெல் வகுத்த மல்ட்டிபஸ். 1976ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட ஒற்றைப் பலகைக் கணினி அதனையே பின்பற்றியது. மற்றொன்று, மோட்டோரோலாவும் அதன் கூட்டாளிகளும் 1981ஆம் ஆண்டில் அறிவித்த வி.எம்.இ. பாட்டை. மோட்டோரோலா நிறுவனமும் எழுபதுகளில் பினாங்கில் ஆலை அமைத்த ஒன்றேயாகும்; இங்குச் செய்யப்பட்டவை வானொலித் தொடர்புக் கருவிகள். அதன் 68000 வரிசைச் செயலிகளைத் தாங்கிய வி.எம்.இ. பலகைகள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உலகத்து ஆலைகள் பலவற்றில் இடம்பெற்றன. எம்.வி.எம்.இ. 147 என்பது அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 233 மில்லிமீட்டர் நீளமும் 160 மில்லிமீட்டர் அகலமும் உடைய அப்பலகையில் 68030 செயலி, 4 முதல் 32 மெகாபைட் வரையிலான நினைவகம், வட்டு இணைப்பு, வலைப்பின்னல் இணைப்பு, தொடர்வரிசை இணைப்பு ஆகிய அனைத்தும் அடங்கியிருந்தன.

வீட்டுக் கணினியை ஐந்தாண்டில் மாற்றிவிடுவோர், ஆலைப் பொறியை அவ்வாறு மாற்றார். பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய பொறி இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தல் வேண்டும். இதனாலேயே இண்டெல் நிறுவனம் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட 386 செயலியின் உற்பத்தியை 2007ஆம் ஆண்டு வரை நிறுத்தவில்லை. மேசைக் கணினிகளிலிருந்து அது மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும், கருவிகளுக்குள் பொதிந்து வைப்பதற்கு அது வேண்டப்பட்டது.

பொறி இவ்வாறு நெடுநாள் வாழ, அதன் எழுத்து வாழவில்லை. அப்பலகைகளோடு விற்கப்பட்ட இயங்குதளங்களின் மூலநிரலை நிறுவனங்கள் தம் பெட்டகத்துள்ளேயே வைத்துக்கொண்டன. வாங்கியவர்க்குக் கிடைத்தது பொறி மட்டுமே படிக்கவல்ல எண்கோவை. நிறுவனம் கைமாறினாலோ கலைந்தாலோ, மூலத்தைக் காண்பதற்கு வேறு வழியில்லை. அவ்வெண்கோவை பதிந்த நினைவுச் சில்லுகளும் நிலையானவை அல்ல. அவற்றில் தேக்கிய மின்னேற்றம் சில பத்தாண்டுகளில் கசிந்துவிடும். எம்.வி.எம்.இ. 147 பலகையில் மணிகாட்டும் சில்லினுள்ளேயே ஒரு சிறு மின்கலம் வைத்து மூடப்பட்டுள்ளது. அது தீர்ந்துபோனால், பலகை தன் அமைப்புகளையும் வலைப்பின்னல் முகவரியையும் மறந்துவிடும். முந்நூறு ஆண்டு வாழும் ஓலையோடு ஒப்பிட்டால், நம் காலத்து ஏடு எத்துணை நொய்யது என்பது புலனாகும்.

மூலமும் உரையும்

மென்பொருளை ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குப் பெயர்க்கலாம் என்னும் எண்ணமே ஒரு காலத்தில் புதுமையாக இருந்தது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் தொடங்கி வைத்த யூனிக்ஸ் என்னும் இயங்குதளம், முதலில் ஒரு குறிப்பிட்ட பொறியின் மொழியிலேயே எழுதப்பட்டது. 1973ஆம் ஆண்டில் அது, டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய ‘சி’ மொழியில் திருப்பி எழுதப்பட்டது. இம்மாற்றமே பெயர்ப்புக்கு வாயில் திறந்தது. 1977ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் வுலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு மில்லர் என்பார் அதனை இண்டர்டேட்டா 7/32 என்னும் முற்றிலும் வேறுபட்ட பொறிக்குப் பெயர்த்தார். பெல் ஆய்வகத்தாரும் அதே காலத்தில் இண்டர்டேட்டா 8/32 பொறிக்குப் பெயர்த்தனர்.

அதே 1977ஆம் ஆண்டில், சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த ஜான் லயன்ஸ் தம் மாணவர்க்காக ஒரு நூல் செய்தார். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் உட்கருவாகிய ஏறத்தாழ 9000 வரிகளை ஒரு தொகுதியாகவும், அவ்வரிகளுக்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு தொகுதியாகவும் அச்சிட்டார். இது, தமிழ் மாணவர் நன்கறிந்த ‘மூலமும் உரையும்’ என்னும் முறையேயன்றோ! நச்சினார்க்கினியர் உரையின்றிச் சிந்தாமணியை அணுகுவது எத்துணைக் கடினமோ, அத்துணைக் கடினம் உரையின்றி மூலநிரலை அணுகுவதும். ஆனால், 1979ஆம் ஆண்டில் வந்த ஏழாம் பதிப்பின் உரிம விதி, மூலநிரலை வகுப்பறையில் பாடமாக நடத்துவதைத் தடுத்தது. லயன்ஸின் நூலும் வெளிப்படையாக விற்கப்பெறும் நிலையை இழந்தது. மாணவர்கள் அதனைப் படியெடுத்து, படியைப் படியெடுத்து, கைமாற்றிப் படித்தனர். 1996ஆம் ஆண்டில்தான் அந்நூல் முறையாக வெளியிடப்பட்டது.

தடை ஒன்று புதிய வழியொன்றைத் திறந்துவிடுவது வரலாற்றில் புதிதன்று. பாடம் நடத்த மூலம் வேண்டுமென்று நெதர்லாந்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1987ஆம் ஆண்டில் மினிக்ஸ் என்னும் சிறு இயங்குதளத்தைத் தாமே எழுதினார். அதனைப் பயின்ற பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸைத் தொடங்கினார். இதற்கு முன்பே, 1983ஆம் ஆண்டில், ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்திருந்தார். மென்பொருளைப் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமை உண்டு. பெற்றவர் அவ்வுரிமையைத் தம்மிடம் பெறுபவர்க்கும் வழங்குதல் வேண்டும் என்பது அத்திட்டத்தில் உருவான பொது உரிமத்தின் உட்கோள். 1992ஆம் ஆண்டில் லினக்ஸும் அவ்வுரிமத்தின்கீழ் வந்தது.

தாம் எழுதுவது 386 பொறிக்கே உரியது என்றும், பிற பொறிகளுக்குச் செல்லத்தக்கதன்று என்றும் டோர்வால்ட்ஸ் தொடக்கத்தில் அறிவித்தார் என்பது சுவையான செய்தி. மூலம் திறந்திருந்தமையால் பிறர் அதனைப் பெயர்த்தனர். தொண்ணூறுகளிலேயே அது மோட்டோரோலாவின் 68000 வரிசைப் பொறிகளுக்குச் சென்றது, பின்னர் வி.எம்.இ. பலகைகளுக்கும் சென்றது. 1993ஆம் ஆண்டில் தோன்றிய நெட்பி.எஸ்.டி. என்னும் திறந்த இயங்குதளமோ, பல பொறிகளில் இயங்குதலையே தன் முதற்கொள்கையாகக் கொண்டது. மல்ட்டிபஸ் பாட்டையில் அமைந்த பழைய சன் கணினிகளும், எம்.வி.எம்.இ. 147 முதலிய பலகைகளும் அதன் பட்டியலில் இடம் பெற்றன.

பெயர்க்கும் முறை

இப்பணி நடைபெறும் முறையைச் சிறிது விளக்குதல் நலம். பழைய பலகை, தனக்கு வேண்டிய நிரலைத் தானே தொகுத்துக்கொள்ளும் வலிமை இல்லாதது. ஆதலின், வேறொரு புதிய கணினியில் அமர்ந்து, பழைய செயலியின் மொழிக்கு நிரலை மாற்றித் தருவர். பலகையில் நிறுவனம் பதித்து வைத்த சிறு கண்காணிப்பு நிரல், தொடர்வரிசைக் கம்பியின் வழியாகவோ வலைப்பின்னலின் வழியாகவோ அதனைப் பெற்று நினைவகத்தில் இறக்கும்.

அதன்பின் எதிர்ப்படுவது அறியாமை இருள். திரையில்லை, ஒலியில்லை, எங்கே தவறு நேர்ந்தது எனச் சொல்ல யாருமில்லை. எனவே, முதற்கண் தொடர்வரிசைச் சில்லை இயக்கி, ஓர் எழுத்தை வெளியே அனுப்ப முயல்வர். அவ்வோர் எழுத்து வந்துவிட்டால் பொறி பேசத் தொடங்கிவிட்டது என்பது பொருள். பின்னர், நினைவகத்தின் எல்லைகளை வகுத்தல், காலத்தை அளக்கும் துடிப்பை அமைத்தல், சாதனங்கள் செயலியை இடைமறித்து அழைக்கும் முறையைச் சீர்செய்தல், வட்டையும் வலைப்பின்னலையும் இயக்குதல் என ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வர். ஒவ்வொரு சில்லுக்கும் அதனைச் செய்தோர் வெளியிட்ட கையேடு வேண்டும். கையேடு கிடைக்காத இடத்தில் பணி மாதக்கணக்கில் நின்றுவிடுவதும் உண்டு.

பாடபேதம் போன்ற இடர்ப்பாடுகளும் இங்கு உண்டு. ஓர் எண்ணின் உறுப்புகளை நினைவகத்தில் அடுக்கும்போது இண்டெல் செயலிகள் சிறிய உறுப்பை முன்வைக்கும். மோட்டோரோலாவின் 68000 வரிசையோ பெரிய உறுப்பை முன்வைக்கும். இவ்வேறுபாட்டைக் கருதாமல் பெயர்த்தால் எழுத்துகள் இடம் மாறிப்போகும். யூனிக்ஸ் என்னும் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளாகிய யு, என், ஐ, எக்ஸ் என்பவை, என், யு, எக்ஸ், ஐ எனப் புரண்டு வந்ததாகக் கணினியுலகில் ஒரு கதை வழங்குகிறது. ஏட்டில் புள்ளியும் காலும் தெளிவின்றி நிற்க, பாடத்தைத் துணிய இயலாது மயங்கிய பதிப்பாசிரியர் நிலையை இஃது ஒருவாறு ஒக்கும்.

இப்பெயர்ப்பினால் தமிழுக்கும் ஒரு பயன் விளைகிறது. எண்பதுகளில் பிறந்த பலகை 128 ஆங்கிலக் குறியீடுகளுக்கு மேல் அறியாதது. தமிழெழுத்துகள் ஒருங்குறியின் முதற்பதிப்பில் இடம்பெற்றது 1991ஆம் ஆண்டிலேயே ஆகும். ஆயினும், புதிய இயங்குதளம் பெயர்த்தமைக்கப்பட்ட பின்னர், அப்பலகையின் வட்டில் ஒரு கோப்புக்குக் ‘குறள்’ எனத் தமிழிலேயே பெயரிடலாம். ஐந்து குறியீடுகளாலான அச்சொல் 15 பைட்டுகளாகப் பதிவாகும். பலகை அதன் பொருளை அறியாது. எனினும், பிழையின்றிக் காத்துத் திருப்பித் தரும். அதனை எழுத்தாகக் காட்டும் பொறுப்பைக் கம்பியின் மறுமுனையிலுள்ள புதிய கணினி ஏற்றுக்கொள்ளும்.

இவ்வுழைப்பு வேண்டுமா?

பழையதைக் கழித்துப் புதியது வாங்குவதே எளிதன்றோ எனச் சிலர் வினவக்கூடும். ஆயிரம் மடங்கு விரைவுடைய கணினி சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் காலத்தில் இவ்வினா நியாயமானதே. மேலும், பெயர்த்தமைத்த இயங்குதளத்தைப் பழைய ஆலைப்பொறியில் பொருத்திய அளவில் அப்பொறி முன்போல் வேலை செய்துவிடாது. அதற்குரிய கட்டுப்பாட்டு நிரலையும் தனியே எழுதியாக வேண்டும். எனவே, பணச்சிக்கனம் ஒன்றையே கருதி இப்பணியைப் புகழ்தல் மிகையாகும்.

ஆனால், ஒரு பொறி எவ்வாறு இயங்கிற்று என்பதை அறிவதற்கு அதனை இயக்கிப் பார்த்தலைவிடச் சிறந்த வழி வேறில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் உயிரற்று வைக்கப்பட்ட பலகை, படிக்க இயலாத மொழியில் எழுதிய கல்வெட்டை ஒக்கும். யூனிக்ஸின் தொடக்க வடிவம் நெடுங்காலம் இறந்துபட்டதாகவே கருதப்பட்டது. தாளில் அச்சடித்து ஒருவர் காத்துவைத்திருந்த நிரல்வரிகள் கிடைத்தமையால், 2016ஆம் ஆண்டில் ஆர்வலர்கள் அதனை எழுத்தெழுத்தாகத் திருத்தி மீண்டும் இயக்கிக் காட்டினர். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சிந்தாமணியையும், 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றுமுன் ஊரூராகச் சென்று ஏடு தேடிய வரலாற்றைப் படித்தவர்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

மூலம் திறந்திருத்தல் மட்டும் போதுமானதன்று என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும். லினக்ஸ் தான் பிறந்த இடமாகிய 386 செயலியையே 2012ஆம் ஆண்டின் இறுதியில் கைவிட்டது. ஓபன்பி.எஸ்.டி. என்னும் மற்றொரு திறந்த இயங்குதளம் மோட்டோரோலாவின் வி.எம்.இ. பலகைகளை 2014ஆம் ஆண்டோடு விட்டுவிட்டது. நெட்பி.எஸ்.டி.யோ 2024ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாம் பதிப்பிலும் அவற்றை விடாது வைத்துள்ளது. சோதித்துப் பார்க்கப் பொறியும், பொறியை அறிந்த ஆளும் இல்லையெனில், திறந்த நூலும் தூசு படிந்து போகும். ஏடு பரணில் கிடந்தால் போதாது. அதனை எடுத்துப் படித்துப் பெயர்த்தெழுத ஒருவர் வேண்டும். எழுதுவார் இன்மையால் அன்றோ ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் நம்மிடையே புகுந்தது!

ஜார்ஜ் டவுன் நகரம் 2008ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. கடைவீடுகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் அதனால் காப்புப் பெற்றன. அந்நகருக்குத் தெற்கே, சில கல் தொலைவில், அரை நூற்றாண்டாகப் பல்லாயிரவர்க்குச் சோறிட்ட மற்றொரு மரபு உள்ளது. அதன் சான்றுகள் பழைய இரும்புக் கடைகளிலும் சேமிப்பறைகளிலும் கிடந்து உருகிக்கொண்டிருக்கின்றன. பலகைகளிலிருந்து பொன்னைப் பிரித்தெடுப்பதற்காக அவற்றை உருக்குவது உலகெங்கும் நடைபெறும் தொழில். நம் பெண்கள் கண்ணொளி தேயப் பிணைத்த பொற்கம்பியும் அவ்வழியே மீண்டும் பொன்னாகிவிடுகிறது.

தமிழாசிரியர்கள் இதில் செய்யத்தக்கது யாது எனின், இரண்டு கூறலாம். பதிப்பு வரலாற்றைப் பயிற்றும்போது, ஏடு தேடிய கதையை முடிந்துபோன பழங்கதையாகக் கூறாமல், மாணவர் கையிலுள்ள கருவிகளுக்கும் அஃது உரியதென்று காட்டலாம். பழைய பலகை ஒன்று கைக்குக் கிடைத்தால், அதனை எறிந்துவிடாமல், அதன் எண்ணையும் ஆண்டையும் சில்லுகளில் உள்ள எழுத்துகளையும் குறித்து வைக்குமாறு மாணவர்க்குப் பணி தரலாம். அவ்வாலைகளில் வேலை செய்த அத்தைமாரும் பாட்டிமாரும் பல இல்லங்களில் இன்றும் உள்ளனர். எந்தச் சில்லு, எந்த வரிசை, எத்தனை கம்பி, எத்தனை மணி நேரம் என்று கேட்டால் அவர்கள் சொல்லக்கூடும். பலகையின் நிரலைப் பெயர்த்தெழுத உலகில் சிலர் முன்வந்துள்ளனர். இவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைப்பதற்கோ, நம்மையன்றி வேறு யாரும் வரப்போவதில்லை.